தேனிக்கும் ஆண்டிப்பட்டிக்கும் நடுவே தொலைந்த பாக்கெட்டுகள்

2008-ல் ஒரு மதியம். ஆபீஸில் பில்டு ஓடி முடியக் காத்திருந்த நேரத்தில் என்எஸ்டிஐ மாநாட்டுக் கட்டுரை ஒன்றைத் திறந்தேன். கிராமப்புறக் கம்பியில்லா நெட்வொர்க்குகளைச் சாகாமல் காப்பாற்றுவது எப்படி என்பது அதன் விஷயம். உள்ளே ஒரு வரைபடம் இருந்தது. நடுவில் தேனி. அதைச் சுற்றி ஆண்டிப்பட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன ஊர்கள் எல்லாம் கலிபோர்னியாக்காரர்கள் எழுதிய கட்டுரையில் புள்ளிகளாக உட்கார்ந்திருந்தன. பில்டு முடிந்து அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கு அது ஞாபகமே வந்தது.

அந்தக் கட்டுரையையும் அதற்கு முந்தைய வருடத்து இரண்டு கட்டுரைகளையும் அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். போன வருஷம் மச்சான் தோட்டத்தில் நடந்த ஒரு கூத்து மறுபடியும் அவற்றைத் தூசி தட்ட வைத்தது. தோட்டக் கதை கடைசியில். முதலில் பாக்கெட் பிடிக்கிற கலை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், ஏன்னா அது சுற்றிச் சுற்றி பெர்க்லிக்கும் தேனிக்கும்தான் வந்து சேர்கிறது.

1986 அக்டோபர். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கெஜம்தான். நம்ம ஊர்க் கணக்கில் தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே போய்க்கொண்டிருந்த டேட்டாவின் வேகம் திடீரென்று நொடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. 40 ஆயிரம் இல்லை, வெறும் நாற்பது. எதனால் என்று தேடிப்போனவர் ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன். வழியில் நெரிசல் ஆகும்போது கணினிகள் 'போய்ச் சேரலையோ' என்று அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை இன்னும் கூட்டிக்கொண்டிருந்தன. 1988-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இதற்கு மருந்து சொன்னது: ஒரு பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொள், உடனே வேகத்தைக் குறை, பிறகு மெல்ல ஏற்று. இன்றுவரை டிசிபியின் அடிப்படைக் குணம் இதுதான். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டிப்பட்டியில் இதுவே வினையாகப் போகிறது.

மருந்து கண்டுபிடிக்க முதலில் நோயைப் பார்க்க வேண்டும். கம்பியில் ஓடுவதை அப்படியே பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. டிசிபியை ஆராயும் அந்த வேலையின் பகுதியாகத்தான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கான் கையில் டிசிபிடம்ப் பிறந்தது. சர்வர் பக்கம் கொஞ்சமாவது வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கட்டளை விரல் நுனியில் இருக்கும்.

அடுத்து வந்த சிக்கல் வேகம். நெட்வொர்க் கார்டுக்கு வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் கெர்னலிலிருந்து நம்ம நிரலுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தால் கணினி அதிலேயே மூச்சுத் திணறிவிடும். நமக்கு வேண்டியதோ ஆயிரத்தில் பத்து. மெக்கானும் ஜேக்கப்சனும் 1993 குளிர்கால யூசெனிக்ஸ் மாநாட்டில் இதற்குச் சொன்ன வழி பிபிஎஃப். 'எனக்கு இன்ன முகவரி, இன்ன போர்ட் மட்டும் போதும்' என்று நாம் சொல்வதை ஒரு குட்டி நிரலாக மாற்றிக் கெர்னலுக்குள்ளேயே ஓடவிடுவது. வேண்டாததை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், பிரதி எடுக்கிற செலவே கிடையாது. அதே கணினியில் சன் நிறுவனத்தின் அப்போதைய வசதியைவிட 100 மடங்கு வரை வேகம் என்று அவர்களே அளந்து காட்டினார்கள். இன்று லினக்ஸ் உலகம் கொண்டாடுகிற இபிபிஎஃப் இதன் பேரன்தான்.

டிசிபிடம்பின் அடிவயிற்றைத் தனியே எடுத்து லிப்பிகேப் என்ற நூலகமாக வைத்தார்கள். ஸ்கிரிப்ட் மொழிக்காரர்களுக்கு அதோடு கதவு திறந்தது. பெர்லுக்கு டிம் பாட்டர் நெட்-பிகேப் என்ற மாட்யூலை எழுதினார். பைத்தானில் பிகேப்பி மாதிரி சில வந்தன. அப்புறம் பிலிப் பியோந்தியின் ஸ்கேப்பி.

நான் 2003-ல் வேலைக்குச் சேர்ந்தபோது கற்றுக்கொண்டது பெர்ல் மாட்யூலை. சாதனத்தைத் திற, வடிப்பானை மொழிபெயர்த்து மாட்டு, ஒரு சப்ரூட்டீனைக் கொடு, லூப்பை ஓடவிடு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்தச் சப்ரூட்டீன் கூப்பிடப்படும். அவ்வளவுதான். சி மொழியில் மூன்று நாள் ஆகிற வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. ஆனால் கைக்கு வருவது வெறும் பைட் வரிசை. எத்தனையாவது பைட்டில் என்ன இருக்கிறது என்று பேப்பரில் கட்டம் போட்டுப் பிரிக்க வேண்டும். ஸ்கேப்பி அந்தப் பிரிக்கிற வேலையையும் தானே செய்துவிடும், பாக்கெட்டை அடுக்கு அடுக்காக உரித்துக் கையில் கொடுக்கும். இடியாப்பச் சிக்கலை நூல் நூலாகப் பிரித்துத் தருகிற மாதிரி. இன்னொரு விஷயம், லினக்ஸில் ஸ்கேப்பி பாக்கெட்டைப் பிடிக்க லிப்பிகேப்பை நம்பியில்லை, கெர்னலின் சாக்கெட்டை நேரடியாகவே திறந்துகொள்கிறது. வடிப்பானை பிபிஎஃப் நிரலாக மாற்றுவதற்குத்தான் பழைய வீட்டு உதவி.

இப்போது தேனி.

அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை. தேனிக் கிளை 1980களின் நடுவில் வந்தது. கண் முகாம்களை எத்தனை நடத்தினாலும் எட்டாத ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு எப்போதும் உறுத்தல். முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும், போய்விடும். கண் மங்கின கிழவி பேரனோ மருமகளோ ஒரு நாள் கூலியை விட்டுக் கூட்டிப்போனால்தான் தேனிக்கு வர முடியும். அந்த ஒரு நாளுக்காகத் தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டுப் பார்வையை முழுசாகத் தொலைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அதற்காகச் சிறு ஊர்களில் பார்வை மையங்கள் என்று நிரந்தரமாக வைக்க ஆரம்பித்தார்கள். அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதிப்பார், ஸ்லிட் லேம்ப்பில் பார்ப்பார், படம் எடுத்து அனுப்புவார். தேனியில் இருக்கிற டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் நேரடியாகப் பேசி, இது கண்ணாடியோடு போகுமா, ஆபரேஷனுக்கு வரணுமா என்று சொல்வார். அந்த வீடியோ ஓடினால் ஒரு பாட்டிக்குத் தேனிப் பயணம் மிச்சம். ஓடாவிட்டால் மையம் வெறும் கண்ணாடிக் கடை.

வீடியோ ஓட நெட்வொர்க் வேண்டும். அந்தக் காலத்தில் அந்த ஊர்களில் கிடைத்த இணைப்பு எதுவும் இதற்குத் தாங்காது. இங்கேதான் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டையர் குழு வருகிறது. எரிக் புரூவர் தலைமை. ராபின் பத்ரா, சோனேஷ் சுரானா, செர்ஜியு நெடெவ்ஷி, லக்ஷ்மிநாராயணன் சுப்ரமணியன் என்று பாதிப் பெயர்கள் நம்ம பக்கத்துப் பெயர்கள். வீட்டு வைஃபை கார்டையே எடுத்து, கூர்மையான திசை ஆண்டெனா மாட்டி, கோபுரத்தில் ஏற்றி, பல கிலோமீட்டருக்கு அனுப்பலாம் என்பது அவர்கள் யோசனை. இந்தியாவில் 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 4 வாட் வரை கதிர்வீச்சுக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்திருந்தது. வேளை நன்றாகக் கூடி வந்தது.

தேனி நெட்வொர்க்கில் மருத்துவமனையோடு ஐந்து பார்வை மையங்கள், 11 ரூட்டர்கள், 9 நேர்கோட்டு இணைப்புகள். மிகக் குட்டை இணைப்பு 1 கிலோமீட்டர், மிக நீளமானது ஆண்டிப்பட்டிக்குப் போகிற 15 கிலோமீட்டர். ஆறு ரூட்டர்கள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில். மற்றவை மொட்டை மாடிக் கம்பங்களில், ஒன்று ஒரு பஞ்சாலையின் மின் நிலையப் புகைபோக்கியில்! வரைபடத்தை விட எனக்குப் பிடித்தது இந்தப் புகைபோக்கிதான். பள்ளத்தாக்கு என்றாலும் தரை கிட்டத்தட்டச் சமவெளி, மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே வருசநாடு, மேகமலைப் பக்கம். நேர்ப் பார்வைக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் தென்னந்தோப்பும் கட்டடங்களும்தான். கொஞ்சம் உயரம் கிடைத்தால் போதும், அதைப் பஞ்சாலைக்காரர் ஏற்கனவே கட்டி வைத்திருந்தார்.

ஏற்றியாச்சு, சிக்னல் நன்றாக இருக்கிறது. ஆனால் வேகம் வரவில்லை. ஏன்?

வைஃபை ஒரு அறைக்கோ கட்டடத்துக்கோ வடிவமைத்தது. ஒவ்வொரு பாக்கெட் போய்ச் சேர்ந்ததும் எதிர்முனை 10 மைக்ரோ நொடி இடைவெளி விட்டு 'வந்துருச்சு' என்று பதில் சொல்ல வேண்டும். அனுப்பியவர் அந்தப் பதிலுக்குக் கொஞ்ச நேரமே காத்திருப்பார். ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். அப்படியானால் 15 கிலோமீட்டருக்கு 50 மைக்ரோ நொடி, போய்த் திரும்ப 100. ஆண்டிப்பட்டி பதில் சொல்லிவிட்டது, அது காற்றில் வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் தேனி பொறுமை இழந்து 'தொலைஞ்சு போச்சு' என்று அதையே மறுபடி அனுப்புகிறது. இரண்டு முனையிலும் பாக்கெட் பிடித்துப் பார்த்தால்தான் இந்தக் கூத்து தெரியும். ஆண்டிப்பட்டிப் பக்கம் ஒரே வரிசை எண்ணோடு ஒரே பாக்கெட் நாலு முறை, ஐந்து முறை. தேனிப் பக்கம் அத்தனையும் தோல்வி. ஒரு முனையில் மட்டும் பார்ப்பவர் கண்டிப்பாகத் தப்பான முடிவுக்குத்தான் வருவார்.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம், அந்தக் கார்டுகளில் அதற்கு வழி இருந்தது. கூட்டினாலோ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வெட்டியாகக் காத்திருந்தே நேரம் போகிறது. இன்னொரு தலைவலியும் உண்டு: பேசுவதற்கு முன் காற்று அமைதியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசு என்பது வைஃபையின் மரியாதை. எதிர்முனை பேச ஆரம்பித்தது 50 மைக்ரோ நொடி கழித்துத்தான் இங்கே கேட்கும் என்றால் அந்த மரியாதைக்கு அர்த்தமே இல்லை. இரண்டு பேரும் அமைதி என்று நினைத்து ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள்.

இப்படித் தொலைகிற பாக்கெட்டைப் பார்த்து மேலே இருக்கிற டிசிபி என்ன செய்யும்? 1988-ல் ஜேக்கப்சன் சொல்லிக்கொடுத்ததைச் செய்யும். நெரிசல் என்று நினைத்து வேகத்தைப் பாதியாக்கும். இங்கே நெரிசலே கிடையாது, ரோடு காலியாகக் கிடக்கிறது. 400 கெஜத்தில் பெர்க்லியைக் காப்பாற்றிய மருந்து, அதே பெர்க்லிக்காரர்கள் 15 கிலோமீட்டருக்குக் கோடு போட்டபோது தேனியில் நோயானது.

2007-ல் அவர்கள் வெளியிட்ட வைல்டுநெட் இதற்கான பதில். 'கேட்டுவிட்டுப் பேசு' என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரத்தைப் பங்கு போட்டார்கள். இந்தச் சில மில்லி நொடி நீ பேசு, அடுத்தது நான். ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி என்று சொன்னால் கம்பத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனிப் பதில் கிடையாது, மொத்தமாக ஒரு பட்டியல். வேண்டுமென்றால் தொலைந்ததைத் திரும்ப அனுப்பாமலே மீட்டுக்கொள்ள உதவும் உபரித் தகவலையும் சேர்த்து அனுப்பலாம். இந்த முறை வைக்கிற யோசனைக்கு முன்னோடி நம் நாட்டிலேயே இருந்தது, ஐஐடி கான்பூரில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் செய்த வேலை. 2 முதல் 5 மடங்கு வேகம் கூடியது என்று வைல்டுநெட் கட்டுரை சொல்கிறது. அத்தனையும் ஓடியது 266 மெகாஹெர்ட்ஸ் பலகையில்.

அந்தப் பலகையில் பெர்லையோ பைத்தானையோ வைத்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு சப்ரூட்டீனைக் கூப்பிட்டால் பலகை படுத்துவிடும் என்பது என் எண்ணம். அவர்கள் பாக்கெட் கையாளுதலை எம்ஐடியில் உருவான கிளிக் ரூட்டரை வைத்துச் செய்தார்கள். தொலைவதை ஆராய, வைஃபை டிரைவரையே திருத்தினார்கள். சாதாரணமாக டிரைவர், உடைந்து வந்த பாக்கெட்டை யாருக்கும் சொல்லாமல் குப்பையில் போட்டுவிடும். இவர்கள் உடைந்ததையும் மேலே அனுப்பு என்று மாற்றினார்கள். எனக்கு இந்த வேலையிலேயே அழகானது அதுதான். நல்லபடியாக வந்ததை எண்ணினால் எத்தனை தொலைந்தது என்பது மட்டும் தெரியும். உடைந்ததை வைத்துப் பார்த்தால்தான் எதனால் என்பது தெரியும். அப்படிப் பார்த்ததில், நகர்ப்புற இணைப்புகளில் பாக்கெட் தொலைய முக்கியக் காரணம் அடுத்தவர்களுடைய வைஃபை என்று வந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அலைகள் மேல் எல்லோரும் சந்தேகப்பட்டிருந்தார்கள், நீண்ட இணைப்புகளில் அதன் பங்கு பெரிதாக இல்லை.

2008 கட்டுரையில்தான் வேறொரு வில்லன் வந்தான். கரண்ட்! அவர்கள் சந்தித்த கோளாறுகளில் பெரும்பகுதி மின்சாரத்தின் தரத்தால் வந்தது. தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் அளந்தபோது 1000 வோல்ட் வரை பாய்ச்சல்கள், 70 வோல்ட்டுக்குக் கீழே நீண்ட தொய்வுகள். பாய்ச்சல் வந்தால் அடாப்டர் கருகும், தெரிந்த கதை. தொய்வுதான் நயவஞ்சகம். ரூட்டர் முழுசாகவும் சாகாது, முழுசாகவும் எழாது. பாதி உயிரோடு தொங்கும், நினைவட்டையில் இருப்பதைக் கெடுத்துக்கொள்ளும். அதனால் மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஒரேயடியாகத் துண்டித்துவிடும் சார்ஜர், தொங்கினால் தட்டி எழுப்பும் வாட்ச்டாக், ரூட்டரே தன் நிலைமையை அவ்வப்போது பெர்க்லிக்கு அனுப்பும் ஏற்பாடு என்று போனார்கள். வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாத இணைப்புகள் என்பதால் உள்ளே இருப்பதே வெளியே கூப்பிட வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே ஃபோன்ஹோம். திருவிழாவுக்குப் போன பிள்ளை வீட்டுக்கு போன் போடுகிற மாதிரி.

அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. தேனியின் அந்த ஐந்து, அந்தக் கணக்கின் ஆரம்பப் பக்கத்தில் இருக்கிறது.

இனி தோட்டம். சின்னமனூருக்குப் பக்கத்தில் மச்சானுக்குத் திராட்சைப் பந்தல். பன்றித் தொல்லைக்குக் கேமரா வைத்து, வீட்டு மாடியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு இரண்டு வெளிப்புற வைஃபை பெட்டிகளை நேருக்கு நேர் மாட்டிக் கொடுத்தது நான்தான். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் போன்.

"மாப்ள, ராத்திரியானா கேமரா செத்துப் போகுது. காலைல தானா உசுரோட இருக்கு. என்னத்தய்யா மாட்டிவிட்ட?"

எனக்கோ 2007 கட்டுரை மண்டைக்குள். கண்டிப்பாகப் பக்கத்து வைஃபை இடைஞ்சல் என்று முடிவே கட்டிவிட்டேன். லேப்டாப்போடு ஒரு சனிக்கிழமை ராத்திரி மோட்டார் ரூமுக்குப் போனேன். கார்டை மானிட்டர் நிலைக்கு மாற்றி, சேனலைப் பூட்டி, ஸ்கேப்பியில் இருபது வரி ஸ்கிரிப்ட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'இது மறுமுறை அனுப்பியது' என்று சொல்லும் ஒரு பிட் இருக்கும், அதை மட்டும் நிமிடவாரியாக எண்ணுவது. நம்முடைய சொந்த நெட்வொர்க்கில் மட்டும்தான் இதெல்லாம். அடுத்தவர் டேட்டாவை அனுமதியில்லாமல் பிரதி எடுப்பது 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவுக்குள் வரும்.

முதல் ராத்திரி வீண். ஸ்கேப்பி நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை பிடித்த ஒவ்வொரு பாக்கெட்டையும் நினைவகத்திலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். அதை அணைக்க மறந்துவிட்டேன். லேப்டாப் திணறி, நிரலைக் கெர்னல் கொன்றுவிட்டது. இருபது வருஷ அனுபவஸ்தன்.

இரண்டாவது ராத்திரி சரியாக ஓடியது. மறுமுறை பிட்டுகள் பெரிதாக இல்லை. இடைஞ்சல் இல்லை, என் முடிவு அம்போ. 2:10-க்கு எல்லாமே நின்றது. ஒரு நிமிடத்துக்கு மேல் காற்று காலி. பிறகு மறுபடி வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. எதனால் என்று பாக்கெட்டில் எப்படித் தெரியும், பாக்கெட்டே வரவில்லையே என்று தோன்றியது. அப்புறம்தான் பீக்கன் ஞாபகம் வந்தது. வைஃபை பெட்டி 'நான் இருக்கேன்' என்று நொடிக்குப் பத்து முறை போலக் கூவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு கூவலிலும் தன் கடிகாரத்தை மைக்ரோ நொடியில் சேர்த்துச் சொல்லும். பெட்டி அணைந்து எழுந்தால் அந்தக் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஸ்கேப்பியில் அதற்கென்றே ஒரு புலம் இருக்கிறது. அச்சிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், திரும்பி வந்த முதல் பீக்கனில் கடிகாரம் சில நொடிகளில்தான் இருந்தது.

மச்சானை எழுப்பி, "ரெண்டு மணிக்கு இங்க என்ன நடக்கும்?" என்றேன்.

"த்ரீ பேஸ் வரும். மோட்டார் எடுக்கும்."

மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பில் அந்த லைனில் வோல்டேஜ் தொய்ந்து, அடாப்டர் கைவிட்டு, பெட்டி சாய்ந்து எழுகிறது. பக்கத்துத் தோட்டங்களிலும் வரிசையாக மோட்டார் கிளம்பும், அதனால்தான் நாலைந்து முறை. டையர் குழு 2008-ல் அச்சில் போட்டு வைத்ததைத்தான் நான் இரண்டு ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்துக் கண்டுபிடித்திருக்கிறேன். 2007 கட்டுரையைப் பிடித்துக்கொண்டு 2008 கட்டுரையை மறந்ததற்குத் தண்டனை.

மறுநாள் தேனிக்குப் போய் 12 வோல்ட் பேட்டரியும், தொய்வு வந்தால் ஒரேயடியாகத் துண்டிக்கிற வசதியுள்ள சோலார் சார்ஜரும் வாங்கி மாட்டினோம். அன்று ராத்திரி ஸ்கிரிப்டை மறுபடி ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பீக்கன் கடிகாரம் ஒரே சீராக ஏறியிருந்தது. கேமராவில் மூன்று பன்றி.